முதல் பேஸுக்கு ஓடியவர்

பேஸ்பால் வீரர் ரொபெர்ட்டோ கிளெமெண்டேவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த விமானத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1972 டிசம்பர் 31 இரவு, நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போயிருந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார். வயது 38. அப்படி ஒரு மரணம் வந்து நின்றுவிட்டால், அதற்கு முன் 18 சீசன்கள் அவர் மைதானத்தில் பார்த்த வேலை பின்னால் போய்விடுகிறது. எனக்கு அந்த வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கிளெமெண்டே எப்படிப்பட்ட ஆள் என்பது முதலில் அங்கேதான் தெரிந்தது.

பேஸ்பாலில் பந்து மட்டையில் பட்டு ஆடுகளத்துக்குள் போனால் அடித்தவர் ஓடியே ஆக வேண்டும். கிரிக்கெட் போல, தட்டிவிட்டு எதிர்முனைக்காரரைப் பார்த்து "வேண்டாம்" என்று கைகாட்டும் பேச்சே இல்லை. 90 அடி தள்ளி இருக்கும் முதல் பேஸுக்குப் பந்து போய்ச்சேர்வதற்குள் நீங்கள் போய்ச்சேர வேண்டும். பந்து தரையில் உருண்டு நேராக ஃபீல்டர் கைக்குப் போனால் அநேகமாக அவுட். அது அடித்தவருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். அதனால் பெரிய நட்சத்திரங்கள்கூட ஒப்புக்குப் பாதி தூரம் ஓடிவிட்டுத் தலையைக் குனிந்து திரும்பிவிடுவார்கள். கிளெமெண்டே அந்தப் பந்துக்கும் முழு வேகத்தில் ஓடுவார். தலைக்கவசம் பறந்தாலும் கவலைப்படமாட்டார்.

இன்னொன்று அவருடைய கை. பேஸ்பாலில் உள்வட்டத்துக்கு வெளியே, புல்வெளியில் நிற்பவர்கள் மூன்று பேர்: லெஃப்ட், சென்டர், ரைட். மூவருக்கும் அவுட்ஃபீல்டர் என்று பெயர். இவர்களில் ரைட் ஃபீல்டருக்குத்தான் வலுவான தோள் வேண்டும். மூன்றாவது பேஸ் அவரிடமிருந்து மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது; அங்கே எறிவது நீண்ட எறி. நான் கல்லூரிக் காலம் முழுக்க பவுண்டரி ஓரத்தில் நின்று கிரிக்கெட் ஆடியவன். ஓடிக்கொண்டே குனிந்து பந்தை எடுத்து, உடம்பைத் திருப்பி, காலை ஊன்றி, ஸ்டம்புக்கு எறிவதற்குள் எவ்வளவு நேரம் போய்விடும் என்பது என் தோளுக்குத் தெரியும். கிளெமெண்டேவின் பழைய படச்சுருள்களைப் பார்க்கும்போது அந்த நேரம் எங்கே போயிற்று என்றுதான் நான் தேடுகிறேன். பிடிப்பதும் திரும்புவதும் எறிவதும் அவரிடம் ஒரே அசைவாக இருக்கிறது.

அந்தக் கை பியூர்ட்டோ ரிக்கோவில் உருவானது. 1934-இல் கரோலினா என்ற ஊரில் பிறந்தார். அப்பா மெல்ச்சோர் கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. பள்ளியில் பையன் ஈட்டி எறிந்தான். பின்னாளில் தன் எறியின் பலத்துக்கு அந்த ஈட்டியும் ஒரு காரணம் என்று அவர் சொன்னதுண்டு. 1954-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் முன்பணம் கொடுத்து அவரை எடுத்து, மாண்ட்ரியலில் இருந்த தன் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. அப்போது ஒரு விதி இருந்தது: அவ்வளவு பணம் கொடுத்து எடுத்த வீரரைப் பிரதான அணியில் வைத்துக்கொள்ளாவிட்டால், சீசன் முடிந்ததும் வேறு அணி கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குத்தான் முதல் வாய்ப்பு. 4,000 டாலருக்கு அவரைக் கொண்டுபோனார்கள். சாகும்வரை அவர் வேறு அணிக்கு ஆடவில்லை.

பிட்ஸ்பர்க் போவதற்கு முன்பே ஓர் அடி விழுந்தது. 1954 டிசம்பரில், மரணப்படுக்கையில் இருந்த அண்ணனைப் பார்த்துவிட்டுக் காரில் வரும்போது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் மோதினார். முதுகெலும்பில் ஏற்பட்ட அந்தக் காயம் கடைசிவரை போகவில்லை. மட்டை பிடிக்க வந்து நிற்கும்போது கழுத்தை இப்படியும் அப்படியும் சுழற்றிச் சொடுக்கெடுப்பார்; பார்த்தவர்களுக்கு அது அவருடைய அடையாளமாகவே ஆனது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் பத்திரிகையாளர்கள் இல்லாத நோயைச் சொல்கிறார் என்று எழுதினார்கள். பைரேட்ஸ் வரலாற்றில் அவரைவிட அதிக ஆட்டம் ஆடியவர் இல்லை, 2,433 ஆட்டங்கள். இல்லாத நோயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் செய்கிற காரியமா இது?

அவரைச் சீண்டியது அது மட்டுமில்லை. அவருடைய தாய்மொழி ஸ்பானிஷ், தோல் கறுப்பு. அவர் பேசிய ஆங்கிலத்தை, உச்சரிப்புப் பிசகு தெரியும்படி எழுத்துகளைத் திரித்து அச்சிட்டார்கள். படிப்பவருக்கு அவர் ஒரு கோமாளியாகத் தெரிவார். ரொபெர்ட்டோ என்ற பெயர் வாயில் நுழையாததுபோல, பல ஆண்டுகள் அவருடைய பேஸ்பால் அட்டைகளில் "பாப்" என்று போட்டார்கள். ஃபுளோரிடாவில் பயிற்சி முகாம் நடக்கும்போது கறுப்பின வீரர்கள் தனியாகத் தங்க வேண்டியிருந்தது. பயணத்தில் வெள்ளை வீரர்கள் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரும்வரை இவர்கள் பஸ்ஸில் காத்திருக்க வேண்டியிருந்தது. யாராவது பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தால் உண்டு. கிளெமெண்டே அந்தப் பொட்டலத்தைத் தொடமாட்டேன் என்றார், மற்றவர்களையும் தொடவிடவில்லை. நிர்வாகத்திடம் சண்டை பிடித்து, தங்களுக்கென்று தனி வண்டி வாங்கினார். கோபக்காரர் என்று அதற்கும் பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தக் கோபத்தின் மீது பெரிய மரியாதை உண்டு.

1960-இல் பைரேட்ஸ், நியூயார்க் யாங்கீஸை எதிர்த்து வேர்ல்ட் சீரிஸ் ஆடியது. இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடர் அது. நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை. ஆளுக்கு மூன்று ஜெயித்து ஏழாவது ஆட்டத்துக்கு வந்து நின்றது. அதைக் கடைசியில் ஹோம் ரன் அடித்து, அதாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி, முடித்தவர் பில் மேசரோஸ்கி. அவருக்கு இன்று பிட்ஸ்பர்க்கில் சிலையே இருக்கிறது. நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய எட்டாவது இன்னிங்ஸ். பைரேட்ஸ் 5–7 என்று பின்தங்கி, இரண்டு பேர் அவுட். இன்னொருவர் போனால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது. கிளெமெண்டே அடித்த பந்து சரியாகப் படாமல் முதல் பேஸ் பக்கமாக எகிறி எகிறிப் போனது. ஃபீல்டர் பில் ஸ்கௌரன் எடுத்துவிட்டார். ஆனால் முதல் பேஸில் பந்தை வாங்க ஆள் இல்லை. ஓடிவந்து நின்றிருக்க வேண்டிய பிட்சர் (பந்து போடுபவர்) ஜிம் கோட்ஸ் பிந்திவிட்டார். கிளெமெண்டே அதற்குள் பேஸைத் தாண்டிவிட்டார். மூன்றாவது பேஸில் நின்றவர் ஓடிவந்து ரன் எடுத்தார். அடுத்து வந்த ஹால் ஸ்மித் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். கிளெமெண்டே பாதி தூரம் ஓடித் திரும்பும் ஆளாக இருந்திருந்தால் மேசரோஸ்கிக்கு அந்த வாய்ப்பே வந்திருக்காது.

அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம். விருது அதே அணியின் டிக் குரோட்டுக்குப் போனது. முதல் இடம் வராததைவிட எட்டாவதாகத் தள்ளப்பட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஏழு சீசன்களில் நான்கு முறை பேட்டிங் சராசரியில் தன் லீக்கின் முதலிடத்தைப் பிடித்தார். 1966-இல் அந்த விருதும் வந்தது. சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளோவ் தொடர்ந்து 12 முறை. அவருடைய வாழ்நாள் சராசரி .317, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 317 ஹிட் (அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது). பத்துக்கு மூன்று எடுத்தாலே இந்த ஆட்டத்தில் பெரிய பேட்டர்.

ஆனாலும் அமெரிக்கா முழுவதும் அவரைக் கண்ணால் பார்த்தது 1971 வேர்ல்ட் சீரிஸில்தான். வயது 37. எதிரணி பால்டிமோர் ஓரியோல்ஸ், நடப்புச் சாம்பியன். முதல் இரண்டு ஆட்டமும் பைரேட்ஸ் தோற்றது. இரண்டாவதில் 11–3 என்று மானம் போகிற தோல்வி. அந்தத் தோல்விக்கு நடுவில்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் எறி வந்தது. இரண்டாவது பேஸில் ஓரியோல்ஸின் மெர்வ் ரெட்டன்மண்ட் நிற்கிறார். வலது ஓரத்துக்கு உயரப் போன பந்தை கிளெமெண்டே ஓடிப்போய்ப் பிடிக்கிறார். பிடித்தபின் ஓடலாம் என்பது விதி. ரெட்டன்மண்ட் மூன்றாவது பேஸுக்கு ஓடுகிறார். அவ்வளவு ஆழத்திலிருந்து யாரும் எறிந்து பிடிக்க முடியாது என்பதால் நிம்மதியாகவே ஓடலாம். கிளெமெண்டே ஓடிய வேகத்திலேயே உடம்பைச் சுழற்றி எறிகிறார். பந்து நேராக மூன்றாவது பேஸுக்கு வருகிறது. ரெட்டன்மண்ட் மயிரிழையில் தப்புகிறார்.

அவுட் இல்லை. ஆகவே கணக்கில் இல்லை. வாழ்நாளில் 266 பேரை அவுட்டாக்க அவருடைய எறி உதவியது என்று ஏட்டில் இருக்கிறது. இந்த எறி அதில் சேராது. அந்தக் கைக்குப் பயந்து ஓடாமலே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேரோ, அவர்களும் சேரமாட்டார்கள். 11–3 என்று தோற்ற ஆட்டத்தில் அந்தப் பந்துக்கு அப்படி எறிய வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டால், கிளெமெண்டேவுக்கு அந்தக் கேள்வியே புரிந்திருக்காது.

மூன்றாவது ஆட்டம் பிட்ஸ்பர்க்கில். ஏழாவது இன்னிங்ஸ், பைரேட்ஸ் 2–1 முன்னிலை, ஆட்டம் எந்தப் பக்கமும் சாயலாம். கிளெமெண்டே மட்டையில் பட்ட பந்து மெல்ல உருண்டு பிட்சர் மைக் குவேயாரிடமே போகிறது. பிட்சர் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தால் முடிந்தது. குவேயார் நிதானமாக நிமிர்ந்து பார்க்கிறார். 37 வயது ஆள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறார். பதறி எறிகிறார், எறி தப்பிவிடுகிறது. அடுத்த பேட்டர் வில்லி ஸ்டார்ஜலுக்கு நான்கு தவறான பந்து போட்டு இலவசமாக முதல் பேஸைக் கொடுக்கிறார். அதற்கடுத்த பாப் ராபர்ட்சனை மெல்லத் தட்டிவைக்கச் சொல்லிச் சைகை வருகிறது. ராபர்ட்சன் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது பேஸில் நின்ற கிளெமெண்டே அது தெரிந்து, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குகிறார், யாரும் பார்க்கவில்லை. ராபர்ட்சன் வந்த பந்தை ஓங்கி அடிக்க, மூன்று ரன் ஹோம் ரன். 5–1. தொடரின் போக்கே அங்கே மாறியது. 1960-க்குப் பதினோரு ஆண்டு கழித்து, மறுபடியும் உருண்டு போன ஒரு பந்து, மறுபடியும் 90 அடி.

ஏழாவது ஆட்டத்தில் அதே குவேயாரின் பந்தில் ஹோம் ரன் அடித்தார். பைரேட்ஸ் 2–1 என்று ஜெயித்தது. 29 வாய்ப்பில் 12 ஹிட், சராசரி .414, ஏழு ஆட்டத்திலும் ஹிட். 1960-லும் ஏழிலும் ஹிட் எடுத்தவர்தான். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே. உடைமாற்றும் அறையில் டிவி மைக்கை நீட்டியதும், நாடே பார்த்துக்கொண்டிருக்க, ஆங்கிலத்தில் பேசும் முன் ஸ்பானிஷில் பேசினார். தன் பிள்ளைகளுக்கு ஆசி சொன்னார். ஊரில் இருந்த அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார். அவருடைய பேச்சைத் திரித்து அச்சிட்டவர்கள் அந்த அரை நிமிடம் புரியாமல் நின்றார்கள். லத்தீன் அமெரிக்க வீடுகளில் அழுதுகொண்டு கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 30, நியூயார்க் மெட்ஸின் ஜான் மேட்லாக் போட்ட பந்தை இரண்டு பேஸ் ஓடும்படி அடித்தார். அது 3,000-ஆவது ஹிட். அவருக்கு முன் பத்துப் பேர்தான் அந்த எண்ணைத் தொட்டிருந்தார்கள். லீக் ஆட்டங்களில் அதுவே கடைசி ஹிட்டாகவும் ஆனது.

அந்த நவம்பரில் பியூர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் அணியின் பொறுப்பாளராக நிகராகுவா போய் வந்தார். தலைநகர் மனாகுவாவின் மக்கள் அவருக்குத் தெரிந்தவர்கள் ஆனார்கள். டிசம்பர் 23 அந்த நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தது. சான் ஹுவானில் அவர் டிவியிலும் தெருவிலும் நின்று பணமும் மருந்தும் திரட்டினார். அனுப்பிய பொருள்களை அங்கே சர்வாதிகாரி சொமோசாவின் படையினர் அமுக்கிக்கொள்கிறார்கள் என்று செய்தி வந்தது. தானே போய்க் கொடுத்தால் தொடமாட்டார்கள் என்று கிளம்பினார். கிடைத்த விமானம் பழைய டிசி-7, அளவுக்கு மீறிய பாரம். மேலெழும்பிச் சிறிது நேரத்தில் கரைக்கு அருகிலேயே விழுந்தது. உள்ளே ஐந்து பேர். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. அணியின் கேட்சரும் நண்பருமான மேனி சாங்கியன் அஞ்சலிக் கூட்டத்துக்குப் போகாமல் கடலில் இறங்கித் தேடினார். 1973 சீசன் தொடங்கியபோது ரைட் ஃபீல்டில் அந்தச் சாங்கியனைத்தான் நிறுத்தினார்கள்.

ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓய்வுபெற்று ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். 424 வாக்கில் 393 பெற்று, அதில் இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க வீரர் ஆனார். சமூகப் பணிக்கான விருது அவர் பெயரில் ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் 42-ஆம் எண்ணை 1997 முதல் எல்லா அணிகளும் ஒதுக்கி வைத்திருப்பதுபோல், கிளெமெண்டேவின் 21-ஐயும் ஒதுக்க வேண்டும் என்று பியூர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பல காலமாகக் கேட்கிறார்கள். பைரேட்ஸ் மட்டும் ஒதுக்கியிருக்கிறது; லீக் இன்னும் தலையசைக்கவில்லை. எல்லா எண்களையும் இப்படி ஒதுக்கிக்கொண்டே போக முடியுமா என்ற வாதத்தை நானும் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியான வாதமாகப் படவில்லை. அந்தத் தீவிலிருந்து வரும் இளைஞர்களில் பலர், யாரும் சொல்லாமலே, 21 போட்ட சட்டையைக் கொடுத்தால் வேறு எண் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். லீக் செய்ய வேண்டியது அவர்கள் செய்வதற்கு ஓர் உத்தரவு போடுவதுதான்.