பருப்பு வேகாத கிணற்று நீரிலும் வண்ண மீன்

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் சென்று வரும் சேலம், நாமக்கல் விவசாயிகள் பலர் அங்கு மீன்வளத் துறை அமைத்த வண்ண மீன் காட்சியகத்தைக் கண்டிருப்பார்கள். கண்ணாடித் தொட்டியில் பளபளக்கும் மீன்களை நாமும் வளர்த்து விற்றால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கையே. சென்னை கொளத்தூரில் பல குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு. ஆனால் மீனைத் தேர்ந்தெடுக்குமுன் கிணற்று நீரைப் பார்க்க வேண்டும்.

இவ்விரு மாவட்டங்களிலும் பல கிணறுகளில் ஊறுவது பாறை இடுக்கு நீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இத்தகைய நீரில் நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவற்றை விடுவது வீண் செலவு. அமேசான் காட்டாறுகளின் மென்னீரில் பிறந்த இனங்கள் அவை. உயிர் பிழைத்தாலும் குஞ்சு பொரிப்பது அரிது.

மோலி, கப்பி, வாள்வால் மீன்களுக்கோ சுண்ணாம்புச் சத்துள்ள நீரே பிடிக்கும். மோலி சற்று உப்பு நீரையும் தாங்கும். மூன்றும் முட்டையிடாமல் குட்டி போடுபவை. ஏறக்குறைய மாதம் ஒரு முறை 20 குட்டிகளுக்கு மேல், நன்கு வளர்ந்த தாயானால் 50 வரையிலும் ஈனும். பெற்ற தாயே தின்றுவிடும் என்பதுதான் தொல்லை. தொட்டியில் நீர்ப்பாசி அடர்ந்திருந்தால் குட்டிகள் ஒளிந்து தப்பும்.

புதுச் சிமெண்ட் தொட்டியில் உடனே மீன் விடலாகாது. நீர் நிரப்பி, சில நாள் வைத்து வடிக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் காரம் குறையும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பொடித்து, சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே போட வேண்டும். கொசுப்புழு கிடைத்தால் இன்னும் நல்லது. மீன்கொத்திக்காகத் தொட்டிமேல் பழைய வலை கட்டலாம். வயலில் மருந்தடிக்கும் நாளில் வலை போதாது. தொட்டியை நன்றாக மூட வேண்டும். மருந்து கலக்கிய வாளியைத் தொட்டியில் முக்கவே கூடாது.

முதலில் ஒரு தொட்டியோடு தொடங்கி, பக்கத்து நகரத்துக் கடைக்காரர் எந்த நிறத்தை, எந்த அளவில் வாங்குவார் என்று கேட்டறிந்த பின் பெருக்குவதே புத்திசாலித்தனம்.

விற்காத மீனை ஏரியிலோ காவிரியிலோ விடக் கூடாது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி இனம் ஒன்று இப்படித்தான் தமிழக நீர்நிலைகளில் பரவிவிட்டது. முரட்டுக் கவசமும் முள்ளும் கொண்ட அது மீனவர் வலையைக் கிழிக்கிறது. கரையில் வளை தோண்டுகிறது. பிடித்தாலும் சந்தையில் வாங்குவாரில்லை.