உங்களுக்குத் தெரியுமா? ஓர் ஆறு, இரண்டு கோட்டைகள்

கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டினத்தில் காவிரியும் இல்லை, கடலும் இல்லை. பூம்புகாரை மனதில் வைத்துக்கொண்டு "அங்கே பீச் எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் வழியாக இறங்கி, ஏறத்தாழ 400 கி.மீ. ஓடி, கடலூரில் கடல் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே, கெடிலம் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது தேவனாம்பட்டினம். மேலே ஒரு பட்டினம், கீழே ஒரு பட்டினம். இரண்டிலுமே ஒரு காலத்தில் பட்டாளம் குடியிருந்தது.

* * *

1767 ஆகஸ்ட் வரை காவேரிப்பட்டினம் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தது. முதல் மைசூர்ப் போர் தொடங்கிய நேரம். கர்னல் ஜோசப் ஸ்மித் பக்கத்திலிருந்த கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். ஹைதர் அலி கணவாய் வழியாகப் படையோடு இறங்கினார். காவேரிப்பட்டினம் தாக்குப்பிடித்தது இரண்டே நாள்! ஸ்மித் திருவண்ணாமலை நோக்கிப் பின்வாங்க, செப்டம்பர் 3-ல் செங்கத்தில் இரு படையும் மோதின.

* * *

இந்த ஊருக்கு ஏன் இத்தனை அடிபிடி? வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்கும் வழியும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்து ஏறும் வழியும் சந்திக்கிற சமவெளி இது. ஆற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். குதிரைக்கும் மாட்டுக்கும் தீவனத்துக்குக் குறைவில்லை. அன்று பீரங்கி வண்டி போன திசையில்தான் இன்று பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலையில் லாரிகள் போகின்றன.

* * *

இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் பாரமஹால். பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட நாடு என்று பொருள். எந்தப் பன்னிரண்டு என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் சண்டை. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, தட்டக்கல், மகாராஜகடை ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். கிருஷ்ணகிரிக் கோட்டை லேசுப்பட்டதல்ல: 1791 நவம்பரில் ஆங்கிலேயரின் கர்னல் மேக்ஸ்வெல் கீழே இருந்த பேட்டையைப் பிடித்துவிட்டார், மலை ஏறத்தான் முடியவில்லை.

* * *

துப்பாக்கி பிடித்த கைதான் இங்கே நிலவரிக் கணக்கும் எழுதியது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ஹைதரின் மகன் திப்பு பாரமஹாலை விட்டுக்கொடுத்தார். நிர்வாகத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது சிவில் அதிகாரிகளை அல்ல, ராணுவத்தாரை: கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ, கிரஹாம், மெக்லியோட். வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் நேராக வரி நிர்ணயிக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. பின்னாளில் மன்றோ சென்னை கவர்னராகி அதை மாகாணம் முழுக்கக் கொண்டுபோனார். 1799-ல் திப்பு வீழ்ந்தபோது கம்பெனியின் எல்லை மைசூருக்கு அப்பால் போய்விட்டது. பாரமஹால் கோட்டைகளுக்கு வேலையும் போனது. பட்டாளம் கிளம்பிய பிறகு சந்தையும் தெருவும் தங்கின. என் கணக்கில் காவேரிப்பட்டினத்துக்கு அதுதான் நல்ல காலம்.

* * *

ஓசூரை அடுத்த மத்திகிரிக்குப் பழைய முகவரி வேறு. 1824-ல் ராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தொடங்கிய பண்ணைதான் இன்றைய அரசு கால்நடைப் பண்ணை.

* * *

இப்போது ஆற்றோடு கீழே போவோம். தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையின் பெயர் செயின்ட் டேவிட். 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் கம்பெனிக்காக அதை வாங்கியவர் சென்னை கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை! கிரயப் பத்திரத்தில் இப்படி ஒரு வாசகம் இருந்தால் வாங்குகிறவர் சும்மா இருப்பாரா? நல்ல பீரங்கியாகப் பார்த்து, கைதேர்ந்த ஆட்களை வைத்துச் சுற்றிலும் சுட்டார்கள். கடலூர் ஊரே எல்லைக்குள் வந்துவிட்டது. அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். இதைவிட மலிவான சர்வேயை நான் கேள்விப்பட்டதில்லை.

* * *

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, இந்திய உடையில் மாறுவேடம் போட்டுத் தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒரு குமாஸ்தாவும் உண்டு. பேனாவை வைத்துவிட்டு அவர் படையில் சேர்ந்தது இங்கேதான். பெயர் ராபர்ட் கிளைவ். அந்த 1746 முதல் 1752 வரை தென்னாட்டில் கம்பெனியின் தலைமையிடம் சென்னை இல்லை, தேவனாம்பட்டினம்.

* * *

1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தார். பிடித்ததோடு விடாமல் வெடிவைத்துத் தகர்த்தார். எட்டு ஆண்டு கழித்து, இந்தியாவைக் கோட்டைவிட்ட குற்றத்துக்காகப் பாரிஸில் அவர் தலையே போனது.

* * *

இன்று அங்கே சில்வர் பீச், மீனவர் குடியிருப்பு, பெரியார் கலைக் கல்லூரி. மாலையில் சுண்டல் வாங்க நிற்கும் கூட்டத்தில் கோட்டையைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள். கோட்டை கவர்னருக்காக மஞ்சக்குப்பத்தில் கட்டிய தோட்ட மாளிகை மட்டும் தப்பி, நெடுங்காலம் கலெக்டர் பங்களாவாக இருந்தது. பீரங்கிக்கு ஈடுகொடுத்த ஊரைக் கடல் விடவில்லை: 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் பலத்த அடி வாங்கிய ஊர்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று.

* * *

காவேரிப்பட்டினம் இப்போது எதற்குப் பேர்போனது? நிப்பட்டுக்கும் பால்கோவாவுக்கும். அரிசி மாவில் வேர்க்கடலை, எள், மிளகாய்த்தூள், கறிவேப்பிலை போட்டுப் பிசைந்து, உள்ளங்கை அளவில் தட்டி, எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்தெடுத்தால் நிப்பட்டு. மற்ற ஊர்க்காரர்கள் தட்டை என்பார்கள். பெயரும் ருசியும் கன்னடத்துப் பக்கம் சாய்ந்தவை. மகா சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குத் திரளும் கூட்டம் தனிக்கதை.

* * *

இந்த ஊருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் தென்பெண்ணையில் இருப்பது கே.ஆர்.பி. அணை. 1957-ல் காமராஜர் திறந்து வைத்தது. 2017 நவம்பரில் அதன் மதகு ஷட்டர் ஒன்று உடைந்து தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது. அதற்கும் மேலே, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் பிரச்சினை வேறு விதம்: பெங்களூர்க் கழிவு கலந்து வரும் தண்ணீர் நுரை பொங்கி நிற்கும்.

* * *

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்ச மழையில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் இறங்கியது. சாத்தனூர் அணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்துக் கரையோர ஊர்களை மூழ்கடித்த வெள்ளம், கடலூர் நகரின் ஓரத்துக் குடியிருப்புகளுக்குள்ளும் புகுந்துதான் கடலுக்குப் போனது.