சோக்கும் ஸ்டார்ட்டரும் போன பிறகு

மின்சாரத்தை மிச்சப்படுத்த அன்று வீட்டில் இருந்த ஒரே ஏற்பாடு பெரியவர்களின் குரல்தான். "ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் யாருக்கு ஓடுது?" என்று ஒரு சத்தம் வரும், யாராவது ஓடிப்போய் அணைப்பார்கள். செலவில்லாத ஏற்பாடு. இன்று அந்த வேலையைப் பெட்டிமேல் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் செய்கிறது. அதற்கு விலை உண்டு. கொடுக்கிற விலைக்குப் பலன் வருகிறதா என்பதுதான் கேள்வி.

எண்பதுகளின் நடுத்தர வீட்டை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் ஒரு டியூப் லைட், சமையலறையில் 60 வாட் குண்டு பல்பு, குளியலறையில் 40 வாட், படுக்கையறையில் இரவு முழுக்க எரியும் ஜீரோ வாட்ஸ். அந்த ஜீரோ வெறும் பெயர்தான். உள்ளபடி 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். குண்டு பல்பு குடித்த மின்சாரத்தில் நூற்றுக்கு 5 பங்குதான் வெளிச்சமானது; மீதி சூடாகப் போனது. டியூப் லைட் சிக்கனமானதுதான், ஆனால் 40 வாட் குழலோடு செம்புக் கம்பி சுற்றிய சோக்கும் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து வாட் தின்றது.

பிறகு சி.எஃப்.எல். வந்தது. மின்சாரம் குறைந்தது, ஆனால் பாதரசம் வீட்டுக்குள் நுழைந்தது. ஃபியூஸ் போன சுருள் விளக்கை எங்கே போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாம் தெருக் குப்பைத்தொட்டிக்குத்தான் போயிற்று. அதை ஒரு இடைக்கால ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

எல்.இ.டி. கதை வேறு. நீல ஒளி தரும் டயோடைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில், எல்.இ.டி. பல்பைக் குறைந்த விலைக்கு வீடுகளுக்குத் தரும் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. அதை நடத்திய இ.இ.எஸ்.எல். நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்ததில், 2014-ல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. தருகிறது. தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 15 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் 75 ரூபாய். நூறு ரூபாய் பல்பு மூன்று மாதத்துக்குள் தன் விலையைத் திருப்பித் தந்துவிடுகிறது. இங்கே வாதத்துக்கே இடமில்லை.

மின்விசிறிக்கு வந்தால்தான் கணக்கு சூடு பிடிக்கிறது.

பழைய விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். கூடத்தில் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். அதே 5 ரூபாய்க் கணக்கில் 200 ரூபாய். சாதாரண விசிறியைவிடக் கூடுதலாகக் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒன்றேகால் ஆண்டில் திரும்பிவிடும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீட்டுக்கு லாபம் இன்னும் அதிகம். 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் சுழலும் மாடி அறை விசிறியை மாற்றுகிறவர் போட்ட காசை எடுக்கப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

அப்புறம், 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீடு. 2016 முதல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு விசிறி, ஒரு டிவி என்று வாழும் குடும்பம் 3,000 ரூபாய்க்கு விசிறி வாங்கினால் மின்கட்டணத்தில் ஒரு பைசா குறையாது. மிச்சமாவது மானியம் கொடுக்கும் அரசுக்கு. செலவு மட்டும் வீட்டுக்காரருக்கு. வாடகை வீட்டிலும் இதே கோணல்தான். விசிறி வீட்டு உரிமையாளருடையது, கரண்ட் பில் குடியிருப்பவருடையது. உரிமையாளர் ஏன் விலை கூடியதை மாட்டப்போகிறார்? 2011-ல் மிக்ஸி, கிரைண்டரோடு விசிறியும் இலவசமாகக் கொடுத்த மாநிலம் இது. அப்படி ஒரு திட்டம் மறுபடி வந்தால் குறைந்த வாட் விசிறியாகக் கொடுப்பது அரசின் சொந்தப் பைக்கே லாபம்.

ரூபாயில் அடங்காத பலனும் இருக்கிறது. 2012-ன் மின்வெட்டை சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல ஊர்களில் பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் 75 வாட் விசிறி ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் 30 வாட் விசிறி ஓடும். வோல்டேஜ் இறங்கும் கிராமத்து இரவுகளிலும் இது துவளாமல் சுற்றும்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஒரு குறை உண்டு. விசிறி மெதுவாகச் சுற்றினால் அன்று தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சரை மாற்றுவார், முடிந்தது. பேரிங் தேய்ந்தால் பேரிங், காயில் எரிந்தால் வைண்டிங் கடை. முப்பது ஆண்டு ஓடிய விசிறிகள் அப்படித்தான் ஓடின. டியூப் லைட் மினுக்கினால் ஸ்டார்ட்டரைத் திருகி மாற்றப் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். இன்றைய விசிறியில் எலக்ட்ரானிக் போர்டு போனால் அந்தக் கம்பெனியின் போர்டே வேண்டும். எல்.இ.டி. பல்பின் பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சடித்திருப்பார்கள். டயோடு அவ்வளவு உழைக்கும், ஆனால் அதற்கு மின்சாரம் பக்குவப்படுத்தும் டிரைவர் நம் ஊர் வெக்கையில், மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் அதற்கு முன்பே செத்துவிடுகிறது. சில கடைகளில் பற்றவைத்துப் பிழைக்க வைக்கிறார்கள். பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகின்றன. மிச்சம் என்று சொல்லும்போது இந்தச் செலவை யாரும் கூட்டுவதில்லை.

மிச்சமானதை நாமே விழுங்குவதும் நடக்கிறது. ஒரு பல்பு எரிந்த அறையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, 6 வாட் விளக்குகள் பன்னிரண்டைப் பதித்து, எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் இணைக்கிறார்கள். 72 வாட்! பழைய குண்டு பல்பே தேவலை. ஏ.சி. பற்றி ஒரு வரி போதும்: எத்தனை நட்சத்திரம் என்றாலும் 18-ல் வைத்துப் போர்வை போர்த்துகிறவருக்கு அது மிச்சம் தராது.

ஆகவே கடைக்குப் போகும் முன் கடைசி மூன்று மின் ரசீதுகளை எடுத்து யூனிட்டைப் பாருங்கள். வீட்டில் அதிக நேரம் ஓடுகிற விசிறியை முதலில் மாற்றுங்கள், மற்றவை கெட்டுப்போகும்வரை ஓடட்டும். வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்பதோடு நிற்காமல், போர்டு தனியாகக் கிடைக்குமா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றும் கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.