கப்பல் போன திசை – 17: தோட்டத்துத் திடல்

சென்ற வாரம் எஸ்.எஸ். ராஜுலா கப்பலில் ஏறியவர்களைப் பினாங்கில் இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தேன். அவர்களை மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பும் வாரம் இது. பால்மரத்தைப் பற்றி இதற்கு முன்பே நிறைய எழுதியாயிற்று. இன்று மரங்களை விட்டு, லைன் வீடுகளுக்கு எதிரே இருந்த புல்திடலுக்குப் போவோம்.

காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர் பக்கம் மலேசிய உறவு இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சபுராளிகள், அதாவது வெளிநாடு போய் வந்தவர்கள், கொண்டுவந்த கோடாலித் தைலமும் மைலோ டின்னும் நமக்கெல்லாம் தெரியும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்கால் துறையிலிருந்து ஆளேற்றியது ரியூனியனுக்கும் மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும். மலாயா போக நினைத்தவர் எல்லை தாண்டி, ஆங்கிலேயர் மண்ணான நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பல் ஏறினார். மலாயா போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கால்பந்தில் என்ன ஆனார்கள் என்பதை நாம் இங்கே அதிகம் பேசியதில்லை. பேச வேண்டிய கதை அது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு தொழில்முறை அணியின் பெயர் இருக்கிறது: பெட்டாலிங் ஜெயா சிட்டி. 2022 வரை மலேசியாவின் முதல்தர லீகில் ஆடிய அணி. அது எங்கிருந்து வந்தது, எந்த மண்ணில் நின்று ஆடியது என்று பார்க்க, நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

பால் வெட்டு விடியுமுன் தொடங்கும் வேலை. இருட்டில் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு, கங்காணி காட்டிய நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் காலையிலேயே வெட்டி முடித்தாக வேண்டும். பால் சேகரித்து, நிறுத்துக் கொடுத்து, வாளி கழுவி வீடு திரும்பும்போது நண்பகல் தாண்டியிருக்கும். உடம்பு ஓய்ந்துபோயிருந்தாலும் சாயங்காலம் அவர்களுடையது. அந்தச் சாயங்காலத்தில் இரண்டு இடங்கள் திறந்திருந்தன. ஒன்று தோட்டத்துக் கள்ளுக்கடை. இன்னொன்று திடல். கள்ளுக்கடை தின்ற குடும்பங்களின் கணக்கைப் பத்தாவது அத்தியாயத்தில் எழுதினேன். திடலுக்குப் போன இளைஞர்களைப் பற்றி எழுத மனம் நிறைவாக இருக்கிறது.

வெள்ளைக்காரத் துரைகளுக்கு ஆட்டம் பிடிக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி வைத்தார்கள், கோப்பை கொடுத்தார்கள். வேலையாட்கள் ஊருக்கு ஓடிப்போகாமல் தோட்டத்திலேயே மனம் ஒன்றி இருக்க அது ஒரு வழி என்ற கணக்கும் அவர்களுக்கு இருந்திருக்கும். பள்ளிக்குப் போகும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி எழுந்த தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றுக்கும் ஆடுகளம் என்று இருந்தது அந்தத் தோட்டத்துத் திடல்தான். செருப்பில்லாத கால்கள் அங்கேதான் பந்தைப் பழகின.

பட்டணத்தில் நிலைமை வேறு. காலனி மலாயாவில் விளையாட்டு இனத்துக்கு ஒரு சங்கமாகப் பிரிந்து கிடந்தது. கோலாலம்பூரின் நடுவில் சிலாங்கூர் கிளப்பும் அதன் முன்னால் பச்சைத் திடலும் வெள்ளைக்காரர்களின் உலகம். மலாய்க்காரர், சீனர், யூரேசியர், யாழ்ப்பாணத்தார், இந்தியர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சங்கமும் தனித்தனிக் கோப்பையும். இந்தியர் சங்கங்கள் தங்களுக்குள் காந்தி நினைவுக் கோப்பைக்கு ஆடின. எல்லோரும் ஒரே சட்டையில் சேரும் இடம் மாநில அணி ஒன்றுதான். 1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் கொடுத்த கோப்பைக்கு மாநிலங்கள் மோதத் தொடங்கின. அதுதான் இன்றைய மலேசியா கோப்பை. தோட்டத்துப் பையன் நாட்டுக்கு ஆட வேண்டுமானால் தோட்டம், வட்டாரம், மாநிலம் என்று ஏறித்தான் வர வேண்டும். ரயில்வே, பொதுப்பணித் துறை, மின்சார வாரியம், போலீஸ் என்று அணி வைத்திருந்த இலாகாக்கள் நல்ல ஆட்டக்காரனுக்கு வேலையும் கொடுத்தன. பால்வாளியை இறக்கி வைக்கப் பந்து ஒரு வழியாயிற்று.

அப்படி ஏறி வந்தவர்களின் காலம் 1970கள். 1972இல் முனிச் ஒலிம்பிக்குக்கு மலேசியக் கால்பந்து அணி தகுதி பெற்றது. அந்த அணியின் தலைவர் எம். சந்திரன், தற்காப்பு ஆட்டக்காரர். முனிச்சில் மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோற்றார்கள். அமெரிக்காவை 3-0 என்று வென்றார்கள். இரண்டு வருஷம் கழித்து டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்தக் காலத்தில் கோலுக்கு முன்னால் வந்து நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள், பந்து எங்கே வந்தாலும் எட்டிவிடும். ரசிகர்கள் ஸ்பைடர்மேன் என்று பேர் வைத்தார்கள். சிலாங்கூரின் காவலர், நாட்டின் காவலர். 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றபோது கோலில் நின்றவர் அவர். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியாவும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த அணி மாஸ்கோ போகவே இல்லை. ஆறுமுகம் 1988இல் கார் விபத்தில் இறந்தார். 2016இல் வந்த 'ஓலா போலா' படம் அந்த அணியைத் தழுவியது. அதில் கோல்காப்பாளனின் பெயர் முத்து.

மெர்டேக்கா அரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1957 ஆகஸ்ட் 31 அன்று துங்கு அப்துல் ரகுமான் சுதந்திரப் பிரகடனம் வாசித்த இடம் அது, அதற்கென்றே கட்டப்பட்டது. அதே வருஷம் தொடங்கிய மெர்டேக்கா கோப்பைப் போட்டியில் நம் இந்திய அணியும் 1959இலும் 1964இலும் இரண்டாம் இடம் பிடித்தது. மலாய்க்காரர் மொக்தார் தஹாரி, சீனர் சோ சின் ஆன், சீக்கியர் சந்தோக் சிங், தமிழர் ஆறுமுகம் எல்லோரும் ஒரே சட்டையில் அங்கே ஆடினார்கள். மலேசியாவில் வயதானவர்கள் அந்தக் காலத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்த ஏக்கத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். ஆனால் அந்த அரங்கத்துக்கு ஆள் அனுப்பிய திடல்கள் அதே வருஷங்களில் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றால் அந்தத் தலைமுறைக்கு இன்றும் வயிறு கலங்கும். வேலை போனவனுக்கு லைன் வீடும் போயிற்று, கோயிலும் போயிற்று, பள்ளியும் போயிற்று. மலாயா இந்தியர்களின் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். நம்மவர்கள் மலாயாவில் செய்த காரியங்களில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அதுதான். ஆனாலும் அந்தப் பத்து வெள்ளியால் எல்லாத் தோட்டத்தையும் காக்க முடியவில்லை. பின்னால் செம்பனை வந்தது, அடுக்குமாடி வந்தது, நெடுஞ்சாலை வந்தது. திடலுக்குத் தனிப் பட்டா கிடையாது. தோட்டம் விற்றால் அதோடு சேர்ந்து அதுவும் போகும். யாரும் அதற்காக வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் போராடுவதற்கே அவர்களுக்குத் தெம்பு போதவில்லை.

புக்கிட் ஜாலிலைப் பாருங்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக அங்கே திறந்த தேசிய அரங்கம் எண்பதாயிரம் பேருக்கு மேல் கொள்வது. அது எழுந்த நிலப்பரப்பு புக்கிட் ஜாலில் தோட்டம். அங்கே பிறந்து, அங்கேயே உழைத்த தமிழ்க் குடும்பங்களில் கடைசியாக மிஞ்சியவர்கள் அரங்கம் திறந்து பத்து வருஷம் கழித்தும், தங்களுக்கு வீடு கட்ட நான்கு ஏக்கர் வேண்டும் என்று கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான், 2010 டிசம்பர் 26 அன்று, அந்த அரங்கத்தில் தென்கிழக்காசியக் கோப்பையின் முதல் இறுதி ஆட்டம். மலேசியா இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் கோப்பை மலேசியாவுக்கே வந்தது. பயிற்சியாளர் கே. ராஜகோபால், சிலாங்கூருக்கு ஆடியவர். அணியில் எஸ். குணாளன் இருந்தார். நாடே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. அரங்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் லைன் வீட்டுக்காரர்கள் வெளியேற்ற உத்தரவோடு உட்கார்ந்திருந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே நாட்குறிப்பில் எழுதியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராஜகோபாலும் குணாளனும் புகழின் உச்சியில் இருந்த அதே காலத்தில் மாநில அணிகளில் இந்திய முகங்கள் அருகிவிட்டன. பையன்களுக்குத் திறமை போய்விடவில்லை. ஆள் தேடுபவர்கள் போய்ப் பார்க்கத் தோட்டத்துத் திடல் இல்லை. பட்டணத்து அடுக்குமாடியில் குடியேறிய தொழிலாளியின் பிள்ளைக்கு வாடகைத் திடலின் கட்டணம் எட்டாது. அதனால்தான் மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கம், மீஃபா, தானே ஓர் அணியை லீகில் இறக்கியது. மலேசிய இந்திய விளையாட்டு மன்றத்தின் பெயரையும் சேர்த்து மிஸ்க்-மீஃபா என்று ஆடியது. மாநில வாசல் மூடியிருந்தால் பக்கவாட்டில் ஒரு வாசல் வைப்போம் என்ற எண்ணம். அதற்காக மற்ற இனத்தவரை விலக்கிய அணியல்ல. மலாய் ஆட்டக்காரர்களும் வெளிநாட்டவரும் அதில் ஆடினார்கள். 2017இல் இரண்டாம் தரமான பிரீமியர் லீகில் கால் வைத்தது. இரண்டே பருவங்களில் சூப்பர் லீகுக்கு ஏறியது.

ஏறியபோது பெயர் மாறியது. 2019 முதல் அது பெட்டாலிங் ஜெயா சிட்டி. சொந்த அரங்கம் என்று ஏற்றது கெலானா ஜெயாவிலுள்ள எம்பிபிஜே அரங்கம். பெயரிலுள்ள எம்பிபிஜே அந்நகரின் நகராண்மைக் கழகத்தையே குறிக்கும், அரங்கம் அதன் சொத்து. இருபத்தைந்தாயிரம் பேர் உட்காரலாம். பெட்டாலிங் ஜெயா நகரமும் ஒரு தோட்டத்தின் மேல் எழுந்ததுதான். 1950களின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் நெருக்கியடித்த மக்களைக் குடியேற்ற எப்பிங்காம் என்ற ரப்பர்த் தோட்டத்தை எடுத்து அங்கே வீடு கட்டினார்கள். எப்பிங்காம் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்னும் அந்நகரில் நடக்கிறது. தமிழர்களின் அணி சுற்றிச் சுற்றி ஒரு பழைய தோட்டத்துக்கே குடிவந்தது. குடிவந்தது வாடகைக்கு.

பெயரை மாற்றியது தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஓர் இனத்தின் பெயரோடு மட்டும் தொழில்முறை லீகில் நீண்ட நாள் நிற்க முடியாது. விளம்பரதாரருக்கும் பார்வையாளருக்கும் நகரம் வேண்டும். ஆனால் அந்த நகரத்துக்கு ஏற்கெனவே ஓர் அணி இருந்தது. அந்த நகரம் இருக்கும் மாநிலத்தின் அணியான சிலாங்கூர், 33 முறை மலேசியா கோப்பை வென்ற அணி. ஆறுமுகத்தையும் சந்தோக் சிங்கையும் அதில் பார்த்து வளர்ந்த தமிழ்க் குடும்பம், புதுச் சட்டைக்கு மாற என்ன காரணம்? ஆண்டாண்டாகப் போய் உட்கார்ந்த படிக்கட்டு வேண்டும், அப்பா காட்டிய இடம் வேண்டும். நான்கு பருவத்தில் அது வராது. அந்த நான்கிலும் 2020 கொரோனாவில் பாதியாகச் சுருங்கியது, மலேசியா கோப்பையே ரத்தானது. மக்களைச் சேர்க்க வேண்டிய வருஷங்களில் அரங்கம் காலியாகக் கிடந்தது.

ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2010 கோப்பை நாயகன் சஃபி சாலி 2019இல் இந்த அணிக்கு ஆடினார். கே. தேவன், பின்னர் பி. மணியம் என்று தமிழ்ப் பயிற்சியாளர்களே நடத்தினார்கள். மற்ற அணிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டியபோது, 2022இல் உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து சூப்பர் லீகில் ஆடியது பி.ஜே. சிட்டி. அந்த முடிவு எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பருவம் முடிந்ததும் அணி லீகிலிருந்து விலகிக்கொண்டது. 2023 சூப்பர் லீக் அவர்கள் இல்லாமல் தொடங்கியது. எம்பிபிஜே அரங்கத்தில் சிலாங்கூர் ஆடுகிறது.

மலேசியாவில் இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டமே இல்லாத ஊரிலும் பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மறுபடி ஒரு தமிழர் அணி எழுந்தால் அது லீக் அனுமதிக்கு அலைவதற்கு முன்னால் ஒரு பள்ளிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரைத் தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சம்பந்தன் பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியவர்; அந்த வழி இன்னும் மூடிவிடவில்லை. இங்கிருந்து அங்கே போய்க் கடை வைத்து நிலைத்த நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளிக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கிறார்கள், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுக்கிறார்கள். திடலுக்கும் கொடுங்கள்.

அடுத்த வாரம்: பிரான்சில் 'பாஸ்தேர்' என்ற பெயரில் கட்டப்பட்டு, நம் கரைக்கு 'எம்.வி. சிதம்பரம்' என்று வந்த கப்பல்.