சங்கிலி அளவறிந்தால் சைக்கிள் நெடுநாள் உழைக்கும்

வன்னி நாட்டில் சைக்கிள் நில்லாத முற்றம் அரிது. தந்தையார் வயலுக்கும், தாயார் சந்தைக்கும், பிள்ளைகள் பாடசாலைக்கும் செல்ல உற்ற துணையாய் விளங்குவது இவ்வூர்தியே. 1990களில், பொருளாதாரத் தடையினால் வடபகுதிக்குப் பெற்றோலும் பற்றரியும் வாராதிருந்த காலத்தில், மூட்டை முடிச்சுகளைச் சுமந்தது சைக்கிள். அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோரும் பலர். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் அருகியபோது, மூலையிற் கிடந்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தமையை நம் வாசகர்கள் அறிவர்.

நம் வீதிகளில் ஓடும் வண்டிகளுள் யப்பானிலிருந்து பழையனவாக வந்த கியர் சைக்கிள்களும் உள. மேடு பள்ளம் குறைந்த வன்னியில் கியர் எதற்கு எனச் சிலர் வினவுவர். சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து தெற்கே மாங்குளம் நோக்கி மிதித்தவரும், நெல்மூட்டையோடு குளக்கட்டில் ஏறியவரும் அவ்வாறு வினவார்.

ஆயினும், கியர் சற்றே முரண்டியதும் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு, சங்கிலியை வெட்டிக் குறுக்கி, ஒரே பற்சில்லில் ஓடவிடுவது வழக்கமாகி வருகின்றது. அறுந்த சங்கிலியிற் சில கண்ணிகளைக் குறைத்து மீண்டும் பொருத்துவது இதனினும் பொல்லாதது. அளவு குறைந்த சங்கிலி பெரிய பற்சில்லில் ஏறுங்கால் கியர் மாற்றியின் கையை முன்னே இழுக்கும். அக்கை முறியவும் கூடும். சில்லின் கம்பிகளுக்குள் சிக்கிச் சில்லையே நிறுத்தவும் கூடும். துணுக்காய்ப் பக்கத்துக் காட்டு வீதியில், மாலை வகுப்பு முடிந்து தனியே வரும் சிறுமிக்கு இது நேர்ந்தால் என்னாகும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கியர் மாற்றியின் தொழில் இரண்டு. ஒன்று, சங்கிலியை ஒரு பல்லிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுவது; மற்றது, தொய்வை விற்சுருளின் வலியால் இழுத்து வைப்பது. ஹான்ஸ் றெனோல்ட் என்பார் 1880இல் மான்செஸ்டர் நகரில் உருளைச் சங்கிலியை ஆக்கினார். பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் ஓட்டப் போட்டியிலே கியர் மாற்றிக்கு இடமளிக்கப்பட்டது 1937இல். பற்சில்லுகளின் சரிவைத் தொடர்ந்து செல்லும் சாய்வமைப்பை யப்பானின் சன்ரூர் நிறுவனம் 1964இல் தந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்த பொறி இது. சில திருகாணிகளுக்கு அஞ்சி இதனை இழப்பானேன்?

செய்யவேண்டிய முறையை வரிசையாகக் கூறுவாம். முதலிற் சங்கிலியின் தேய்வைப் பார்க்க. ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருப்பின் சங்கிலியை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு நீண்டிருப்பின் பற்சில்லுகளும் தேய்ந்தன எனக் கொள்க. ஒற்றைப் பல் வண்டிக்குரிய அகன்ற சங்கிலி இதற்கு ஆகாது. ஒடுங்கியதையே கேட்டு வாங்குக.

அடுத்தது நீளம். புதிய சங்கிலியை முன்னுள்ள பெரிய பற்சில்லிலும் பின்னுள்ள பெரிய பற்சில்லிலும் நேரே சுற்றுக. கியர் மாற்றிக்குள் இப்போது நுழைத்தல் வேண்டா. இரு முனைகளும் பொருந்தும் இடத்திலிருந்து ஓர் அங்குலம், அதாவது இரு கண்ணிகள், கூட்டி அளவெடுக்க. அகன்ற தகடும் ஒடுங்கிய தகடும் மாறி மாறி வருதலால், முனைகள் இணையத்தக்கவாறு வெட்டுதல் வேண்டும். ஆணியை முழுவதும் வெளியே தள்ளிவிடலாகாது. நுனி தகட்டில் நின்றாற்றான் மீண்டும் பொருத்தலாம். பின்னர் மாற்றியின் இரு சிறு உருளைகளின் வழியே செலுத்தி இணைக்க. இரு புறமும் சிறிய பல்லில் வைக்கும்போது சங்கிலி தொங்கினால் அச்சேர்க்கையில் ஓட்டாதிருத்தலே போதும். அதற்காகச் சங்கிலியைக் குறைத்தல் தகாது.

மூன்றாவது, எல்லைத் திருகாணிகள். வண்டியின் பின்புறத்தை உயர்த்தி, இழுகம்பியைத் தளர்த்துக. மாற்றியின் உருளைகள் ஒருபுறம் சாய்ந்திருப்பின், அது தொங்கும் தகடு வளைந்துள்ளது. முதலில் அதனை நிமிர்த்துதல் வேண்டும். ஒரு திருகாணியால் மேல் உருளையைச் சிறிய பல்லின் நேர்கீழே நிறுத்துக. பின் மாற்றியைக் கையாற் பெரிய பல்லின் பக்கம் தள்ளி, உருளை அப்பல்லின் கீழேயே நிற்குமாறும் கம்பிகளைத் தீண்டாதவாறும் மற்றத் திருகாணியைத் திருகுக. பிள்ளையின் உயிர்க்காவல் இந்த ஒரு திருகாணியே எனினும் மிகையன்று. விரல்கள் பற்களுக்கு அகலவே இருக்கட்டும்.

இறுதியாகவே இழுகம்பி. சங்கிலியைச் சிறிய பல்லில் நிறுத்தி, தொய்வின்றி இழுத்து முடுக்குக. 1980களின் நடுவிற் பரவிய ‘கிளிக்’ ஒலியுள்ள கியராயின், சங்கிலி பெரிய பல்லில் ஏறத் தயங்கும்போது, இழுகம்பி முனையிலுள்ள குமிழை அரை அரைச் சுற்றாக வெளிப்புறம் திருகி இறுக்குக; இறங்கத் தயங்கின் உட்புறம் திருகுக. பலர் இக்குமிழிலேயே தொடங்கி அல்லலுறுகின்றனர். நீளமும் எல்லையும் பிழையாயிருக்க, குமிழைத் திருகிப் பயன் என்ன?

வாடை மழைச் சேறும் கோடைக் கிரவற் புழுதியும் சங்கிலிக்குப் பகை. துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய் இட்டு, எஞ்சியதைத் துடைத்துவிடுக. மிகுந்த எண்ணெய் புழுதியை அழைக்கும்.

ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் நாம், அதற்கு முந்திய நாளில் ஒரு நாழிகை இப்பணிக்கு ஒதுக்குவோமாக. மகனோடு மகளையும் அருகில் இருத்திக் கற்பிப்போமாக. வழியில் நின்ற வண்டியைத் தாமே சீர்செய்து வீடு சேரும் பிள்ளைகளைக் காட்டிலும் பெற்றோருக்கு மனநிறைவு தருவது பிறிதில்லை.