முள்ளந்தண்டு முறிவும் அதன் உறுதியறிதலும்

உயரத்திலிருந்து வீழ்ந்தோரும் மோட்டார் வண்டி விபத்திற் சிக்கியோரும் சில வேளைகளில் எழுந்து நின்று, முதுகில் நோவு மாத்திரமே உளதெனக் கூறுவர். கைகால்கள் அசையும், உணர்ச்சியும் குன்றியிராது. ஆயினும் அன்னாரின் முள்ளந்தண்டு முறிந்திருத்தல் கூடும். அம்முறிவு உறுதியானதா, உறுதியற்றதா என்பதே மருத்துவர் ஆராய வேண்டிய வினாவாகும்.

கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என முள்ளென்புகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டு, நார்களாற் பிணைக்கப்பட்டுள்ளன. அவற்றின் நடுவேயுள்ள கால்வாயில் முண்ணாண் செல்கின்றது. உடற்பாரத்தைத் தாங்கும்போதும் முறிந்த என்பு நிலைபெயராதாயின் அம்முறிவு உறுதியானது. நிலைபெயர்ந்து முண்ணாணை நசுக்கக்கூடுமாயின் உறுதியற்றது. அழிந்த முண்ணாண் மீள வளர்வதில்லை.

உறுதிக்கு ஆதாரம் என்பு மாத்திரமன்று. பின்புறத்துப் பிணைப்பு நார்களின் சிறப்பை ஆங்கில அறுவை மருத்துவர் ஹோல்ட்ஸ்வர்த் 1963இல் விளக்கினார். 1983இல் டெனிஸ் என்பார் 412 நோயாளரை ஆராய்ந்து, முள்ளந்தண்டை முன், நடு, பின் என மூன்று தூண்களாக வகுத்தார். இரு தூண்கள் சிதைந்தவிடத்து முறிவு பொதுவாக உறுதியற்றதெனக் கொள்ளப்படும்.

இனி, அறியும் முறையை நோக்குவோம். முதற்கண் நோயாளி அசையாதிருத்தல் வேண்டும். பலர் ஒருங்கே பற்றி, தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு புரட்டிய பின்னர், மருத்துவர் முதுகின் நடுக்கோட்டை விரலால் தடவி நோவு, வீக்கம், இடைவெளி, படிபோன்ற பிறழ்வு ஆகியவற்றைத் தேடுவார். கைகால்களின் வலிமையையும் உணர்ச்சியையும் சோதிப்பார்.

கழுத்துக் காயம் பற்றி 34,069 பேரை ஆராய்ந்து 2000இல் வெளிவந்த ஆய்வொன்று ஐந்து விதிகளை உறுதிப்படுத்தியது. நடுக்கோட்டில் தொடுநோவின்மை, நரம்புக் குறைபாடின்மை, தெளிந்த அறிவு, மதுமயக்கமின்மை, கவனத்தை ஈர்க்கும் வேறு கடுங்காயமின்மை என்னும் ஐந்தும் பொருந்தின் படம் பிடித்தல் அவசியமன்று. ஒன்றேனும் பொருந்தாவிடிற் படம் வேண்டும். குடித்தவனும் தொடையென்பு முறிந்தவனும் கழுத்து நோவை உணராதிருக்கக்கூடும் என்பதே இவ்விதிகளின் உட்கருத்து.

சாதாரண எக்ஸ்கதிர்ப் படத்திற் சில முறிவுகள் புலப்படா. சி.ரி. படம் என்பின் சிதைவை நுணுக்கமாகக் காட்டும். காந்தப் படம் நார்களையும் முண்ணாணையும் காட்டும். ஓரிடத்து முறிவு காணப்படின், பிறிதோரிடத்தும் முறிவு இருக்கலாமாதலின், முள்ளந்தண்டு முழுவதையும் ஆராய்தல் நன்று.

கைகால்கள் அசைவது முள்ளந்தண்டு உறுதியாயிருப்பதற்குச் சான்றாகாது. காப்பாற்றுதற்கு இன்னும் காலம் உண்டு என்பதற்கே அது சான்றாகும். ஆதலின், ஐயம் தெளியும்வரை நோயாளியை எழுந்து நடக்க விடாதிருத்தலே அறிவுடைமையாகும்.