மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டும் பின் டயர் பஞ்சரும்

மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு என்பது, ஓட்டுபவர் இறங்கிய பின் வண்டியைச் சாயாமல் நிறுத்தி வைக்கும் உலோகத் தாங்கி ஆகும். பின் டயரில் காற்று இறங்கிவிட்டால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்துவிடும். ஆனால் ஸ்டாண்டின் நீளம் மாறாது. இதனால் வழக்கமாக நிலையாக நிற்கும் வண்டியும் பஞ்சரான வேளையில் கவிழக்கூடும். எனவே பின் டயர் பஞ்சரைப் பாதுகாப்பாகக் கையாள, ஸ்டாண்டு வேலை செய்யும் முறையை அறிந்திருப்பது பயனுடையது.

வரலாறு

1885ஆம் ஆண்டு ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் உருவாக்கிய பெட்ரோல் இருசக்கர வண்டியில், அது சாயாமலிருக்க இருபுறமும் சிறு துணைச் சக்கரங்கள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க கால வண்டிகள் பலவற்றில், பின் அச்சின் அருகே இணைக்கப்பட்ட பின்புற ஸ்டாண்டு இருந்தது. ஓட்டும்போது அதை மேலே தூக்கிப் பின் மட்கார்டுடன் மாட்டி வைப்பர்.

வகைகள்

சைடு ஸ்டாண்டு: இது வண்டியின் இடப்பக்கம் உள்ள ஒற்றைக் கால். இரு சக்கரங்களும் ஸ்டாண்டின் நுனியும் தரையைத் தொடுவதால், முக்காலியைப் போல மூன்று புள்ளிகளில் வண்டி நிற்கிறது. வண்டி இடப்பக்கம் சாய்ந்திருப்பதே அதன் உறுதிக்குக் காரணம்.

சென்டர் ஸ்டாண்டு: மெயின் ஸ்டாண்டு எனவும் கூறுவர். வண்டியின் நடுவில், அடிப்பகுதியில் உள்ள இரு கால்களைக் கொண்டது. வண்டி நேராக நிற்கும். பெரும்பாலும் பின் சக்கரம் தரையை விட்டு உயர்ந்திருக்கும். சக்கரத்தைக் கழற்ற இதுவே ஏற்றது.

பேடாக் ஸ்டாண்டு: வண்டியுடன் இணையாத தனிக் கருவி. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிகளின் பின்பகுதியைத் தூக்கப் பட்டறைகளில் பயன்படுகிறது.

காற்று இறங்கும்போது நிகழ்வது

பின்பகுதி தாழும்போது சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சாய்வு குறைகிறது. வண்டி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால், இடப்புறமிருந்து சிறிது தள்ளினாலும் வலப்புறம் விழலாம். இதைத் தவிர்க்க, இடப்பக்கம் சற்றுத் தாழ்வாக உள்ள கெட்டியான தரையில் நிறுத்தி, ஹேண்டில்பாரை இடப்புறம் திருப்பி, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் விட வேண்டும். கியரில் இருந்தால் வண்டி முன்னே உருண்டு ஸ்டாண்டு மடங்குவது தடுக்கப்படும். மணல் அல்லது ஈர மண்ணில் ஸ்டாண்டு புதையாதிருக்க அதன் அடியில் தட்டையான கல்லை வைக்கலாம்.

சென்டர் ஸ்டாண்டிலும் இதே காரணத்தால் சிக்கல் எழுகிறது. தாழ்ந்துவிட்ட வண்டியை வழக்கத்தைவிட அதிக உயரம் தூக்க வேண்டியிருக்கும். சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் கனமுள்ள குறுகலான பலகையின் மேல் பின் சக்கரத்தை ஏற்றிக்கொண்டால் வேலை எளிதாகும். ஸ்டாண்டின் கால்கள் பலகை மீதன்றித் தரை மீது படிய வேண்டும். இரு கால்களும் தரையைத் தொட்ட பின், உடல் எடை முழுவதையும் வலது காலால் ஸ்டாண்டின் மிதியில் செலுத்த வேண்டும். கைகள் வண்டியை வழிநடத்தினால் போதும்; கையால் இழுத்துத் தூக்க முயன்றால் இடுப்பில் பிடிப்பு ஏற்படலாம்.

ஓடும்போது பஞ்சரானால்

பின் டயரில் காற்று இறங்கினால் வண்டியின் பின்பகுதி இருபுறமும் அலையும். அப்போது திடீரென பிரேக் பிடிக்கக் கூடாது. ஹேண்டில்பாரை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்து, முன் பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்தி ஓரமாக நிறுத்த வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் முன்தள்ளி அமர்ந்து பஞ்சர் கடை வரை ஓட்டிச் செல்வோர் உண்டு. இதனால் டியூப் வால்வின் அடியில் கிழிந்து, ஒட்ட முடியாததாகிவிடலாம். டயரும் ரிம்மும்கூடச் சேதமடையலாம்.

பழுது நீக்கல்

டியூப் உள்ள டயரில் பொதுவாகச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அச்சு நட்டைத் தளர்த்தும் விசையால் வண்டி ஸ்டாண்டிலிருந்து முன்னே நழுவாதிருக்க, முன் சக்கரத்தின் முன்புறம் கல் வைப்பது நல்லது. ஒட்டிய டியூப்பை மாட்டுமுன் டயரின் உட்புறத்தில் ஆணியோ கம்பித் துண்டோ எஞ்சியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லாவிடில் மீண்டும் பஞ்சராகும்.

டியூப்லெஸ் டயரில் சக்கரத்தைக் கழற்றாமலே, துளையில் பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி அடைக்கலாம். தரையைத் தொடும் பகுதிக்கே இம்முறை பொருந்தும். பக்கவாட்டுச் சுவரில் ஏற்பட்ட கிழிசலுக்குப் பொருந்தாது.

பாதுகாப்பு

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை இயக்கிப் பின் சக்கரத்தைச் சுழலவிட்டபடி செயினைத் துடைப்பதும் டயரில் ஆணி தேடுவதும் ஆபத்தானவை. செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே விரல்கள் சிக்கித் துண்டாகலாம். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றியே பார்க்க வேண்டும்.

வண்டியை எடுக்குமுன் சைடு ஸ்டாண்டு மடங்கியிருப்பதை உறுதி செய்ய வேண்டும். மடக்காமல் ஓட்டினால் இடப்புறம் திரும்பும்போது அது தரையில் இடித்து வண்டியைக் கவிழ்த்துவிடும். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது இன்ஜின் இயங்காதபடி தடுக்கும் சுவிட்சு பல புதிய வண்டிகளில் உள்ளது. பழைய வண்டிகளில் ஓட்டுபவரின் கவனமே பாதுகாப்பு.